பாவாத்தா காட்டுக்கு வந்த விட்டில்

ஒரு ஊர்ல ஒரு வேலி இருந்துச்சு, கண்ணு. ஆமா, ராஜா இல்ல, ராணி இல்ல, வேலிதான். ராஜா கதை வேணும்னா உங்கப்பன்கிட்டப் போய்ப் படு. அவன் பாதிக் கதையில கொறட்டை விடுவான். என்ற பக்கத்துல படுத்தா அத்தை கதைதான். வெரலை வாயில வெக்காத. காலை என்ற மேல போட்டுக்க. நான் சொல்லச் சொல்ல நீ ம் போடணும், உன்ற ம் நின்னா என்ற கதையும் நின்னுரும். எங்க, சொல்லு பாப்போம்? ம். அப்படித்தான்.

அது கிளுவை முள்ளு வேலி. பச்சைக் குச்சியா நட்டு, அது வேர் விட்டு, கிளை விட்டு, ஒண்ணோட ஒண்ணு பின்னி நிக்கற வேலி. ஒரு கோழிக்குஞ்சு தலை விட முடியாது. வேலிக்குள்ள என்ன இருந்துச்சு? கொறங்காடு. மாடு மேயறதுக்குன்னே புல்லு விட்டு வெச்சிருக்கற காட்டைத்தான் நம்ம பக்கம் கொறங்காடுன்னு சொல்றது. நெழலுக்கு அங்கங்க வெள்ளவேலா மரம், கீழ பூராவும் கொழுக்கட்டைப் புல்லு. நீ திங்கற கொழுக்கட்டை இல்லடி, சிரிக்காத, புல்லுக்கே அதான் பேரு.

அந்தக் காட்டுக்காரி பேரு பாவாத்தா. தனி ஆளு. ஆனா நாலு ஆம்பளை செய்யற வேலையை ஒருத்தியாச் செய்வா. அவகிட்ட ஒரு செவலை மாடு. என்ன மாடுங்கற! திமிலும் கொம்பும் பாத்தா தெருவுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போவாங்க. அப்போ செவலை செனையா இருந்துச்சு. வயித்துல கன்னுக்குட்டி. பாவாத்தாளுக்கு அந்த மாட்டைத் தவிர சொந்தம்னு சொல்லிக்க ஒருத்தரும் கெடையாது. அதான் அத்தனை பாசம்.

பாவாத்தாளுக்குப் பெருமை சாஸ்தி. ஏன் இருக்கக் கூடாது? அந்த வருசம் மழை பேஞ்ச பாடில்ல. ஊர்ல எல்லார் காடும் காஞ்சு கட்டாந்தரையா இருக்கு. இவ காட்டுல மட்டும் புல்லு முழங்கால் ஒசரத்துக்கு நிக்குது. நல்ல காலத்துல மாட்டை அளவா மேய விட்டு, பாதிக் காட்டை ஆறப் போட்டு வெச்சவ அவ. இன்னொருத்தர் காட்டுலயும் கொஞ்சம் புல்லு இருந்துச்சு. பக்கத்துக் காட்டுச் சென்னியண்ணன் காட்டுல. அவரு பள்ளத்துக் காட்டுக்காரரு, பேச்சுக் கம்மி, வாயில வெத்தலை போட்டா மத்தியானம் வரைக்கும் வாயே தொறக்க மாட்டாரு.

இருக்கறியா? ம்னு சொல்லு. ம்.

அப்புறம் ஒரு நாள் காலையில பாவாத்தா படலைத் தொறந்துட்டு உள்ள போறா. படல்னா முள்ளுல கட்டுன கதவு. போனவ அப்படியே நின்னுட்டா. பாறையோரத்துல புல்லு இல்ல! தாளு மட்டும் குச்சி குச்சியா நிக்குது. அடுத்த நாள் போனா இன்னும் கொஞ்சம் காணோம். அதுக்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். "என்ற காட்டுக்குள்ள எவனோ மாட்டை விட்டு மேய்க்கறான்"னு பல்லைக் கடிச்சா. இந்தப் புல்லு தீந்துச்சுன்னா செவலைக்குத் தீனி இல்ல. தீனி இல்லைன்னா செனைமாடு தாங்காது. வெளியூரு யாவாரி கையில புடிச்சுக் குடுக்கறதைத் தவிர வேற வழி இல்ல. யாவாரி கொண்டுட்டுப் போற மாடு எங்க போகும்னு நான் உனக்குச் சொல்ல மாட்டேன். பாவாத்தாளுக்குத் தெரியும்.

அப்போ அவ என்ன செஞ்சா? மொதல்ல, அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாக் கொண்டாந்து வேலியைச் சுத்திக் கொட்டுனா. திருடன் வந்தா காலடி தெரியுமில்ல? காலையில ஓடிப் போய்ப் பாத்தா, காலடி இல்ல, குளம்படி இல்ல, சாம்பல் போட்டது போட்டபடி. ஆனா புல்லு போச்சு!

அப்புறம் ரெண்டாவதா, உள்ளூர்லயே ஒரு நாயை வாங்கிட்டு வந்து படலோரம் கட்டுனா. எலை அசைஞ்சா "லொள்"ளுங்கற நாயி. ராத்திரி பூராவும் நாயி சத்தமே இல்ல. காலையில சொகமா வாலாட்டுது. புல்லு போச்சு!

அப்போ பாவாத்தாளுக்குக் கோவம் உச்சந்தலைக்கு ஏறுச்சு. "நாயி கொலைக்கலைன்னா, நாய்க்குத் தெரிஞ்ச ஆளுதான் வந்திருக்கான். பக்கத்துக் காட்டுல எருமை வெச்சிருக்கறது யாரு? சென்னியண்ணன்!" நேரா ஊர்க் கெணத்துக்குப் போனா. பொம்பளைங்க தண்ணி சேந்தறாங்க, ஆம்பளைங்க மாட்டுக்குத் தண்ணி காட்டறாங்க, சென்னியண்ணனும் நிக்கறாரு. எல்லாரும் பாக்கக் கையை நீட்டி, "திருடனுங்ணா நீங்க! என்ற செவலை வாயில இருக்கற புல்லைப் புடுங்கி உங்க எருமைக்குப் போடறீங்களேண்ணா, உங்களுக்கு வெக்கமா இல்லீங்களாண்ணா?"ன்னா.

பாத்தியா? நம்ம ஊர்ல திருடன்னு திட்டறதுக்கும் ஒரு ங் போட்டுத்தான் திட்டுவோம். வேற எந்த ஊர்லயாவது உண்டா இந்த மரியாதை?

சென்னியண்ணன் ஒண்ணும் பேசல. மொகம் மட்டும் கறுத்துப் போச்சு. எருமையைப் புடிச்சுட்டுப் போயிட்டாரு. பேசாதவன் மேல பழி போட்டா அது அப்படியே ஒட்டிக்கும், கண்ணு. ஊரே நம்பிருச்சு. அவரு வீட்டு மோரை ஒருத்தரும் வாங்கிக் குடிக்கல. அவரு வந்து உக்காந்தா பக்கத்துல இருந்தவன் எந்திரிச்சுப் போனான். பாவம், தப்பே செய்யாத மனுசன்.

அப்புறம் மூணாவது. பாவாத்தா, "இவரைக் கையுங்களவுமாப் புடிச்சுக் காட்டறேன்"னு சொல்லி, காட்டுக்குள்ள ஒரு மரத்துல அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்க விட்டா. திருடன் வரல, புல்லு போச்சு. "வெளிச்சம் பத்தலை"ன்னு நாலு மரத்துல நாலு விளக்கு. இன்னும் வேகமாப் போச்சு! அவளுக்கு வந்த ஆத்தரத்துல, கோயில் நோம்பித் திருவிழாவுக்கு ஏத்தற பெட்ரோமாக்ஸ் லைட்டையே கேட்டு வாங்கிட்டு வந்துட்டா. பம்ப்பு அடிச்சு, "புஸ்ஸ்ஸ்ஸ்"னு ஏத்தி நடுக்காட்டுல வெச்சா. காடே பட்டப்பகலாட்டம் ஆயிப் போச்சு. ஒரு நாளா ரெண்டு நாளா? பல நாளு. விளக்கு கூடக் கூடப் புல்லு கொறையுது. விளக்கு கூடுது, புல்லு கொறையுது. இவ இன்னும் பம்ப்பு அடிக்கறா. புத்திசாலிக்கு ஒரு தடவை புத்தி கோணிச்சுன்னா நம்மளவிட நல்லாவே கோணும்.

கண்ணு சொக்குதா? இப்பத்தான் ஆளு வருது. ம் போடு. ம்.

ஒரு ராத்திரி லைட்டுப் பக்கத்துல கைத்தடியோட உக்காந்திருக்கறா. "பட் பட் பட்"டுனு கண்ணாடியில என்னமோ வந்து மோதுது. பாத்தா விட்டில் பூச்சி. ஒண்ணா ரெண்டா? அப்பப்பா! பட் பட், சடசடன்னு மேல வந்து விழுது. அதுல ஒண்ணு மட்டும் மோதாம, லைட்டு கைப்பிடி மேல வந்து ஒக்காந்துச்சு. நகத்தளவு இருக்கும். காஞ்ச புல்லு நெறம். ஒக்காந்துச்சுன்னா புல்லுத் துண்டுன்னுதான் நெனைப்ப.

பாவாத்தா அலுப்புல அதுகிட்டவே கேட்டா. "ஏ பூச்சி, ராவெல்லாம் இங்கயே சுத்தறியே, என்ற புல்லைத் திருடறவன் யாருன்னு பாத்தியா?"

பூச்சி பேசுச்சு. "திருடன் ஒருத்தனும் வரலீங் அம்முணி. நாந்தான்."

"நீயா? இத்தனூண்டு இருந்துட்டு நீ ஒரு காட்டுப் புல்லைத் தின்னியா?"

"நான் திங்கலீங். எனக்கு வாயே இல்ல, பாருங்க. ரெக்கை மொளைச்ச நாள்லருந்து நான் ஒரு வாய் தின்னதில்ல. திங்கறது என்ற புள்ளைங்க. அதுகளை இங்க கொண்டாந்து வெச்சது நாந்தான்."

பாவாத்தா தடியை ஓங்குனா. ஓங்கி அடிச்சிருந்தா பூச்சி பொடியாப் போயிருக்கும். ஆனா அது நகரல. பறக்கல. ரெக்கையைக்கூட ஆட்டல.

"பயமா இல்லியா உனக்கு?"ன்னு கேட்டா பாவாத்தா.

"பயந்திருந்தா பொய் சொல்லியிருப்பனே"ன்னுச்சு.

அடி ஆத்தி! இதைச் சொல்றப்பல்லாம் எனக்கு மேலு சிலுக்குது, பாரு, கையைத் தொட்டுப் பாரு. நகத்தளவு பூச்சி!

பாவாத்தா தடியைக் கீழ வெச்சா. "ஊர்ல வேற தழையே இல்லியா? எருக்கு இருக்குது, ஆமணக்கு இருக்குது, வேலியில கிளுவையே இருக்குது. அதுல வெக்கறதுதான?"

"எருக்கு கூப்புட்டுச்சு, போகல. ஆமணக்கு கூப்புட்டுச்சு, போகல. கிளுவை கூப்புட்டுச்சு, ஒரு நாழி ஒக்காந்து ரெக்கையை ஆத்திட்டு வந்துட்டேன். என்ற புள்ளைங்க புல்லுதான் திங்கும் அம்முணி. எங்க சாதிக்குப் புல்லுதான் சோறு. உன்ற செவலைக்கு மீன் கொழம்பு ஊத்துனா குடிக்குமா? ஊரெல்லாம் சுத்துனேன், எங்கயும் இத்தனை புல்லு இல்ல. உன்ற காட்டுலதான் இருந்துச்சு. நல்லா வளத்து வெச்சிருந்தே. அதான் வந்தேன்."

திட்ட வந்தவளைப் பூச்சி மெச்சுது. அவ என்ன செய்வா?

அப்புறம் பூச்சி சொல்லுச்சு. "இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் வெச்சது பாறையோரத்துல ஒரு மூலையில மட்டும். அந்த மூலையைத் தின்னுட்டு என்ற புள்ளைங்க மண்ணுக்குள்ள எறங்கியிருக்கும், உன்ற மாட்டுக்கும் பாக்கி இருந்திருக்கும். இதா சுத்துதே, இவங்கல்லாம் யாரு? மேக்கால இருந்தும் கெழக்கால இருந்தும் வந்தவங்க. உன்ற புல்லைப் பாத்து வரல. உன்ற வெளிச்சத்தைப் பாத்து வந்தாங்க. வந்த எடத்துல புல்லு இருந்துச்சு, முட்டை வெச்சுட்டாங்க."

பாவாத்தா பம்ப்புத் திருகைத் திருப்புனா. "புஸ்ஸ்ஸ்..." லைட்டு அணைஞ்சுது. காடு இருட்டாச்சு. இத்தனை நாளும் அந்தப் புஸ்ஸுச் சத்தத்துல கேக்காம இருந்தது இப்போ கேக்குது. "கறுக்... கறுக்... கறுக்..." தாளுக்குத் தாளு ஒரு புழு ஏறி ஒக்காந்துட்டு, கறுக் கறுக்குன்னு மெல்லுது. காடு பூராவும் அந்தச் சத்தம். பகல்ல எல்லாம் புல்லுத் தூருக்குள்ள சுருண்டு கெடந்துட்டு, ராத்திரி ஏறி வந்து திங்கற புழுவுக. வேலியைத் தாண்டி ஒருத்தரும் வரல. அவளே விளக்கு வெச்சு விருந்துக்குக் கூப்புட்டிருக்கறா.

விளக்கை எல்லாம் அவுத்தா. அடுத்த ராத்திரியிலிருந்து புதுசா ஒரு விட்டிலும் வரல. புழுவுகளும் வயிறு நெறைஞ்சு மண்ணுக்குள்ள எறங்கிருச்சுக. ஆனா புல்லு எங்க இருக்குது? வெறும் தாளுதான். செவலை தாளை மோந்து பாத்துட்டு, பாவாத்தா மொகத்தைப் பாக்குது. விலா எலும்பு தெரியுது. கன்னு போடற நேரம் வேற நெருங்கிருச்சு.

இப்போ ஒரு யோசனை பண்ணிப் பாரு, கண்ணு. பூச்சி வந்தது யாருக்குத் தெரியும்? பாவாத்தாளுக்கு மட்டும்தான். ஊரு பூராவும் சென்னியண்ணன்தான் திருடன்னு நம்பிட்டிருக்குது. இவ வாயை மூடிட்டு இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது. விடிஞ்சா யாவாரிக்குச் சொல்லி விட்டுட்டு, கதவைச் சாத்திட்டு அழுதுட்டுக் கெடக்கலாம். மானமாவது மிஞ்சும். அப்படித்தான் அவளும் நெனைச்சா. நெனைக்காம இருப்பாளா, அவளும் மனுசிதான? ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தா. ஆனா அந்தப் பூச்சி சொன்ன "நாந்தான்" அவளைத் தூங்க விடல. "ஒரு பூச்சிக்கு இருக்கற நெஞ்சு எனக்கு இல்லியா?"ன்னு எந்திரிச்சு ஒக்காந்துட்டா.

காலையில ஊர்க் கெணத்துக்குப் போனா. எங்க கை நீட்டித் திட்டுனாளோ அங்கயேதான். எல்லாரும் நிக்கறாங்க. சென்னியண்ணன் தனியா ஒரு ஓரமா எருமைக்குத் தண்ணி காட்டிட்டு நிக்கறாரு. பாவாத்தா நடுவுல வந்து நின்னா. தலையைக் குனிஞ்சாளா? இல்ல. முந்தானையை வாயில பொத்துனாளா? இல்ல. திட்டுனப்போ எப்படி நிமிந்து நின்னாளோ, அப்படியே நிமிந்து நின்னா.

"எல்லாரும் கேட்டுக்குங்க. என்ற புல்லைச் சென்னியண்ணன் எடுக்கல. புழு தின்னுச்சு. புழு பெருகறதுக்கு விளக்கு ஏத்துனது நாந்தான். ஒரு தப்பும் செய்யாதவரைத் திருடன்னு சொன்னதும் நாந்தான். அண்ணா, தப்பு என்ற மேலதானுங்."

கெணத்து ராட்டினம்கூட நின்னு போச்சு. அப்புறம் ஒருத்தி லேசாச் சிரிச்சா. "விளக்கு வெச்சுப் புழு வளத்தாளாமா"ன்னு இன்னொருத்தி சொன்னா. கொல்லுனு எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு நின்னா பாவாத்தா. மொகம் செவந்து போச்சு, கண்ணுல தண்ணி கட்டிருச்சு, ஆனா எடத்தை விட்டு நகரல. அவளுக்குப் புல்லு வேணும். அவருகிட்டப் புல்லு இருக்குது. ஆனா ஒரு கை புல்லுகூட அவ கேக்கல. கேட்டிருந்தா, புல்லுக்காக வந்து மன்னாப்புக் கேட்டான்னு ஆயிருக்குமில்ல? அவ வந்தது அதுக்கில்ல.

சென்னியண்ணன் வெத்தலையைத் துப்புனாரு. எல்லாரும் அவரு வாயையே பாக்கறாங்க. என்ன திட்டப் போறாரோ, என்ன கேக்கப் போறாரோ. அவரு கேட்டாரு, "செவலை என்ன திங்குது?"

அவ்வளவுதான். அது ஒண்ணுதான் கேட்டாரு.

பாவாத்தா, "நேத்திலிருந்து ஒண்ணும் திங்கலீங்ணா"ன்னா. அத்தனை நேரம் நிமிந்து நின்னவ அந்த ஒரு கேள்விக்கு ஒடைஞ்சு போயிட்டா. விக்கி விக்கி அழுதா.

"ஓட்டிட்டு வா அம்முணி"ன்னு சொல்லிட்டு அவரு முன்னாடி நடந்தாரு.

ம்? தூங்கலையா? கேக்கறியா? செரி, இன்னும் கொஞ்சந்தான்.

சென்னியண்ணன் காட்டுப் படலு தொறந்துச்சு. அவரு காட்டுல எப்பவும் விளக்கே கெடையாது, அதனால புல்லு அப்படியே நிக்குது. செவலை உள்ள போச்சு. தலையைக் குனிஞ்சுது, நறுக் நறுக்குனு மேய ஆரம்பிச்சுது. அதைப் பாத்தப்பறந்தான் பாவாத்தா ஒரு வாய் தண்ணி குடிச்சா. எருமையும் செவலையும் ஒரே மரத்தடியில படுத்து அசை போட்டுச்சுக. சென்னியண்ணன் வீட்டு மோரை வாங்கறதுக்கு மறுபடியும் சொம்பெடுத்துட்டு வந்தாங்க சனங்க. அவரும் பேசாம ஊத்திக் குடுத்தாரு.

பாறையோரத்து மூலையைப் பாவாத்தா அதுக்கப்பறம் செவலைக்கு விடல. "அது அவங்களுக்கு"ன்னு சொல்லிட்டா. மண்ணுக்குள்ள தூங்கற புழு, மழை பேஞ்சா ரெக்கை மொளைச்சு வெளிய வருமில்ல, வந்தா அதுக்கும் எடம் வேணுமில்ல. ஆனா கொறங்காட்டுக்குள்ள விளக்கு மட்டும் இல்ல.

அப்புறம் ஒரு விடியக்காலம், சென்னியண்ணன் காட்டுலயே செவலை கன்னு போட்டுச்சு. கெடாரிக் கன்னு, பொட்டைக்குட்டி. பொறந்த ஒடனே தள்ளாடித் தள்ளாடி எந்திரிச்சு, பொத்துனு விழுந்து, மறுபடியும் எந்திரிச்சு, நாலு காலையும் பரப்பி நின்னுச்சு. மாடு கட்டற கட்டுத்தரை வரைக்கும் சனம் கூடிருச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு, கேட்டுக்க. கன்னு யாரு மண்ணுல விழுதோ, அவங்கதான் அதுக்குப் பேரு வெக்கணும். வெச்ச பேரை மாட்டுக்காரங்க மாத்தக் கூடாது. ஆயுசு பூராவும் அந்தப் பேருதான்.

அப்போ சனமெல்லாம் குசுகுசுன்னு பேசறாங்க. "விடுவாராக்கும்? திருடின்னுதான் வெப்பாரு, பாரு." "புழுவுன்னு வெப்பாரு." பாவாத்தாளும் அப்படித்தான் நெனைச்சா. என்ன பேரு வெச்சாலும் வாங்கிக்கறதுன்னு மனசைக் கல்லாக்கிட்டு, கன்னுக்குப் பக்கத்துல நின்னா.

சென்னியண்ணன் வந்தாரு. கன்னு காதுல ஊதுனாரு. மெதுவா நெத்தியைத் தடவுனாரு. அப்புறம் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாச் சொன்னாரு, "பாவாத்தா!"

இவ, "என்னங்ணா?"ன்னா.

"உன்னைக் கூப்புடல. கன்னுக்குப் பேரு வெச்சேன்."

பாவாத்தாளுக்குச் சுருக்குனு ஆயிப் போச்சு. "ஏனுங்ணா, என்ற பேரையா மாட்டுக்கு வெக்கறீங்க?"

ஆயுசுல அதிகமாப் பேசாத மனுசன், கண்ணு. வெத்தலையை இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிட்டு, நிமிந்து அவளைப் பாத்தாரு.

"இதைவிட ஒசந்த பேரு எனக்குத் தெரியல அம்முணி"ன்னாரு.

கண்ணு? ம் எங்க?

ம் நின்னு போச்சு. செரி. கதை கட்டுத்தரைக்கு வந்துருச்சு, கன்னு தாய் மடிக்குப் போயிருச்சு, நீ என்ற மடியில கெடந்து தூங்கு.